சொந்த சிலிண்டரா, வாடகை சிலிண்டரா?

ஸ்கூபா டைவிங், அதாவது முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நீருக்கடியில் நீந்துவது, கற்று முடித்த கையோடு சொந்தமாக ஒரு சிலிண்டர் வாங்கினேன். மூன்று வருடம் வைத்திருந்து விற்றுவிட்டேன். போன வாரம் புதிதாகக் கற்றுக்கொண்ட ஒரு தம்பி, "அண்ணா, சிலிண்டர் வாங்கிடலாமா?" என்று கேட்டார். பதில் நீண்டுவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை. நாம் சுவாசிக்கும் அதே காற்றை வடிகட்டி அழுத்தி அடைத்தது. அப்படி அடைக்க அதற்கென்றே உள்ள கம்ப்ரசர் வேண்டும். வாங்குவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது அந்த கம்ப்ரசர்தான். அது வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? நீங்கள் இறங்கும் தண்ணீருக்குப் போகும் வழியிலேயே இருக்கிறதா? இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் காற்று நிரப்ப ஒரு பயணம், டைவிங்குக்கு ஒரு பயணம். என் சிலிண்டர் மூலையில் நின்றதற்குக் காரணம் இதுதான்.

வாடகையைப் பெருக்கிப் பார்த்து "இத்தனை டைவில் போட்ட காசு வந்துவிடும்" என்று கணக்குப் போடுபவர்கள் இரண்டை விட்டுவிடுகிறார்கள். சொந்த சிலிண்டருக்கும் ஒவ்வொரு முறையும் நிரப்பும் கூலி உண்டு. ஒரு நாளில் இரண்டு முறை இறங்குவதுதான் வழக்கம் என்பதால் ஒன்று போதாது, இரண்டு வாங்க வேண்டும்.

பிறகு சோதனைகள். வால்வைக் கழற்றி உள்ளே விளக்கடித்துத் துரு, குழி, விரிசல் பார்ப்பது பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை. ஹைட்ரோ டெஸ்ட் பல நாடுகளில் 5 ஆண்டுக்கு ஒருமுறை. சிலிண்டரில் நீரை நிரப்பி, வேலை அழுத்தத்துக்கும் மேலே ஏற்றி, எவ்வளவு விரிகிறது, அழுத்தம் இறங்கியதும் பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று அளப்பார்கள். தேதி தாண்டினால் பொறுப்பான எந்த இடத்திலும் நிரப்ப மாட்டார்கள். நிரப்பக் கூடாது. உள்ளே இருக்கும் 200 பார் அழுத்தம், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கு, விளையாட்டில்லை. வாடகை எடுத்தால் இந்தத் தலைவலியெல்லாம் கடைக்காரருடையது.

ஆனால் சொந்த சிலிண்டருக்கு ஒரு நல்ல நியாயம் இருக்கிறது. அதைப் பணத்தில் அளக்க முடியாது. பரவலாகப் புழங்கும் அலுமினியம் 80 (சுமார் 80 கன அடி காற்று பிடிப்பது) சிலிண்டர் நிறைந்திருக்கும்போது நீரில் மூழ்கும், காலியாகும்போது மிதக்கும். உள்ளே இருக்கும் காற்றே இரண்டரை கிலோவுக்கு மேல் எடை. டைவ் முடிவில், மேலே வருமுன் பாதுகாப்புக்காக 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய நேரத்தில், அது உங்களை மேலே இழுக்கும். டைவிங்குக்கு வரும் ஸ்டீல் சிலிண்டர்களில் பெரும்பாலானவை காலியானாலும் மிதக்காது. வாடகையில் இன்று அது, நாளை இது என்று மாறிவந்தால் மிதக்காமல் இறங்க இடுப்பில் கட்டும் ஈயத்தின் அளவை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணிக்க வேண்டும். எப்போதும் ஒரே சிலிண்டர் என்றால் உடம்பு அதற்குப் பழகிவிடும். அந்தப் பழக்கம் பெரிய நிம்மதி. விற்ற பிறகு நான் இழந்ததாக உணர்ந்தது அது ஒன்றைத்தான்.

வாடகை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றில்லை. ஒருமுறை எனக்குக் கொடுத்த சிலிண்டரின் தோளில் பொறித்த சோதனைத் தேதி எப்போதோ முடிந்திருந்தது. வேறு கொடுங்கள் என்றேன். முகம் சுளித்தார்கள், கொடுத்தார்கள். அன்றிலிருந்து தேதி, வால்வின் ஓ-ரிங் (காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்), அழுத்தம் மூன்றையும் பார்க்காமல் எடுப்பதில்லை. வால்வைக் கொஞ்சம் திறந்து முகர்ந்தும் பார்ப்பேன். எண்ணெய் வாடை அடித்தால் வேண்டாம். நிரப்பும்போது காற்றோடு கலந்துவிடக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாடையே கிடையாது, அதனால் கம்ப்ரசரை ஒழுங்காகப் பராமரிக்கும் இடமா என்று விசாரித்துக்கொள்வது முக்கியம்.

தம்பிக்குச் சொன்னது இதுதான்: காசு இருந்தால் முதலில் முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க், பிறகு ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர், பிறகு சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குக் கொடுக்கும் ரெகுலேட்டர். விமானத்தில் எடுத்துப் போகக்கூடியவை இவை. சிலிண்டரை வால்வு கழற்றிக் காலியாகத்தான் ஏற்றுவார்கள், போன இடத்தில் வாடகைக்கு எடுப்பதே எளிது. மாதத்தில் இரண்டு வாரக்கடைசியாவது ஓட்டிப்போகும் தூரத்தில் இறங்குகிறீர்கள், வழியிலேயே கம்ப்ரசர் இருக்கிறது என்றால் தாராளமாக இரண்டு வாங்குங்கள்.

பழையது வாங்குவதானால் மட்டும் கவனம். 6351 என்ற அலுமினியக் கலவையில் செய்த பழைய சிலிண்டர்கள் கழுத்துப் பகுதியில் விரிசல் விட்டிருக்கின்றன, சில வெடித்தும் இருக்கின்றன. அமெரிக்காவில் சிலிண்டர் தயாரிக்கும் லக்ஸ்ஃபர் நிறுவனம் 1988இல் அதைக் கைவிட்டு 6061 கலவைக்கு மாறியது. இன்னமும் அந்தப் பழையவை கைமாறுகின்றன. சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.