முகவரியில் இருக்கும் கமாவை நான் ஏன் எடுக்க வேண்டும்?

வண்ணாரப்பேட்டையில் உள்பாவாடை தைத்து விற்கும் ஓர் அம்மா நேற்றுக் காலை கடைக்கு வந்து, கைப்பேசியை என் மேசைமேல் வைத்தார். "தம்பி, இவ்வளவு சரக்கை நான் எப்போது எடுத்தேன்?" என்றார். குரல் நடுங்கியது. பாக்கி ரூ.6,00,021 என்று எங்கள் கடையின் பெயரில் குறுஞ்செய்தி போயிருந்தது. அவர் தர வேண்டியது வெறும் 4,500. அந்த ஆறு லட்சத்து இருபத்தொன்று அவருடைய பின்கோடு! மருமகனிடம் காட்ட வேண்டும் என்று கேட்டதால், உண்மையான பாக்கியைக் கடைத் தாளில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தேன். இத்தனை வருடம் ஒரு தவணை தவறாதவரை இப்படி நிற்க வைத்துவிட்டார்களே என்று வயிறு எரிகிறது.

எம்.சி. ரோட்டில் மொத்த விலைத் துணிக்கடையில் கணக்கெழுதுகிறேன். போன மாதம் பில் போடும் மென்பொருளை மாற்றினோம். பழையதிலிருந்து வாடிக்கையாளர் பட்டியலை, கட்டங்களைக் கமாவால் பிரித்து எழுதும் சிஎஸ்வி கோப்பாக எடுத்து, புதிய மென்பொருள்காரர்கள் தங்களுடையதில் ஏற்றினார்கள். பெயரையும் கதவு எண்ணையும் மட்டும் மாற்றி அந்த வரியைத் தருகிறேன்:

1047,முருகம்மாள்,"பழைய எண் 14, புதிய எண் 31, வண்ணாரப்பேட்டை, 600021",,30,4500

ஆறு கட்டங்கள்: எண், பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், கடன் நாள், பாக்கி. வரியில் ஒரு பிழையும் இல்லை. மேற்கோள் குறிக்குள் இருக்கும் கமா முகவரியைச் சேர்ந்தது, அங்கே வெட்டக் கூடாது. இதை 2005 அக்டோபரில் வெளியான, சிஎஸ்வி வடிவத்தை விவரிக்கும் ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. இவர்களோ கமாவைக் கண்ட இடமெல்லாம் வெட்டியிருக்கிறார்கள். பழைய எண் முகவரியானது, புதிய எண் ஜிஎஸ்டி கட்டத்தில் விழுந்தது, வண்ணாரப்பேட்டை கடன் நாளானது, பின்கோடு பாக்கியானது.

தொலைபேசியில் கேட்டால், "முகவரியில் கமா போடாதீர்கள் சார்" என்கிறார்கள். சென்னையில் கதவு எண்களை மாற்றிய பிறகு, பழையதையும் புதியதையும் சேர்த்து எழுதினால்தான் எங்கள் பக்கத்துத் தெருக்களில் பார்சல் போய்ச் சேரும். கமாவை எடுத்துவிட்டால் 14 எது, 31 எது என்று பையன் எப்படிக் கண்டுபிடிப்பான்? அவர்களுடைய சோம்பலுக்காக எங்கள் ஊர் முகவரியையே திருத்த வேண்டுமா?

சரக்குப் பட்டியல் இன்னும் மோசம். இதை அனுப்பிய பழைய மென்பொருளும் யோக்கியமில்லை. துணி வியாபாரத்தில் பன்னாவின், அதாவது துணி அகலத்தின், அங்குலத்தை 44" என்றுதான் எழுதுவோம். உள்ளே வரும் மேற்கோள் குறியை இரட்டிக்க வேண்டும். ஆகவே "பருத்தி, பன்னா 44""" என்று கடைசியில் மூன்று குறிகள் வந்திருக்க வேண்டும். வந்ததோ இரண்டு. அந்த இரண்டையும் சேர்த்து ஓர் அங்குலக் குறியாகப் படித்தால் கட்டம் மூடவே மூடாது. அடுத்த மேற்கோள் குறி வரும்வரை பின்னால் வரும் வரிகளையெல்லாம் விழுங்கிக்கொண்டே போகும்.

சண்டை போட்ட பிறகு முகவரியை மட்டும் சரிசெய்து மறுபடி ஏற்றினார்கள். இப்போது அந்த அம்மாவுக்கு 4,500 நாள் கடன், பாக்கி பூஜ்யம்! அவருக்கு ஜிஎஸ்டி பதிவு கிடையாது, அதனால் அந்தக் கட்டம் காலி. அடுத்தடுத்து வரும் இரண்டு கமாக்களை ஒன்றாக எண்ணிவிட்டார்கள். சி நிரல்மொழியில் வரியைத் துண்டுகளாக வெட்டித் தரும் ஸ்டிர்டாக் (strtok) என்ற கட்டளை இப்படித்தான் காலிக் கட்டத்தைத் தாண்டிப் போகும். நிரல் எழுதுகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? பைத்தான் நிரல்மொழியோடு சிஎஸ்வி படிக்கும் தொகுதி சேர்ந்தே வருகிறது. நானே ஐந்து வரி எழுதிப் பார்த்தேன், ஆறு கட்டமும் ஒழுங்காக வந்தன.

இன்று மாலை அவர்கள் சொன்னது: "காலியாக இருந்தால் பூஜ்யம் போட்டுவிடுங்கள்." பாக்கிக் கட்டத்தில் பூஜ்யம் என்றால் கணக்கு தீர்ந்தது, காலி என்றால் இன்னும் பார்க்கவில்லை. தரவுத்தளம் செய்கிறவர்களுக்கே இந்த வேறுபாடு தெரியும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் சிஎஸ்வியைப் படிக்கும்போது, வெறுமனே விட்ட கட்டத்தையும் மேற்கோளுக்குள் ஒன்றுமில்லாமல் விட்ட கட்டத்தையும் தனித்தனியாகத்தான் எடுத்துக்கொள்கிறது.

நான் ஒரு பூஜ்யமும் போட மாட்டேன். முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். அவர்கள் நிரலைத் திருத்திக்கொண்டு வரும்வரை கடையில் கைப் பில்தான்.