ஸ்கைரிம் கிராஷ் ஆனால் மாட் எண்ணிக்கையைத் திட்டாதீர்கள்

மாட் என்றால், கேமை மாற்ற ரசிகர்கள் செய்து தரும் கூடுதல் தொகுப்பு. "மாட் நிறையப் போட்டா ஸ்கைரிம் படுத்துடும்" என்று யாராவது சொன்னால், அவர் 2011-இல் வந்த பழைய கேமைப் பற்றிப் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது 32 பிட்; மெமரி பற்றாமல் அடிக்கடி விழும். 2016-இல் வந்த ஸ்பெஷல் எடிஷன் 64 பிட். அதில் ஆயிரம் மாட் தாண்டிய செட்டப்கள் ஒழுங்காக ஓடுகின்றன. இருபது மாட் போட்டவர்தான் மெயின் மெனுவையே பார்க்காமல் தவிக்கிறார். எண்ணிக்கை அல்ல பிரச்சினை. எந்த மாட் எதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை.

முதலில் கேமின் வெர்ஷன். ஸ்கைரிம்எஸ்இ எக்ஸிஇ ஃபைலின் ப்ராப்பர்டீஸில் பாருங்கள். 1.5.97 என்றால் ஆனிவர்சரி அப்டேட்டுக்கு முந்தையது, 1.6-இல் தொடங்கினால் 2021 நவம்பருக்குப் பிந்தையது. எஸ்கேஎஸ்இ (பல மாட்களுக்குத் தேவையான, கேமின் ஸ்கிரிப்ட் வசதிகளை நீட்டும் துணைக் கருவி) அந்த எண்ணோடு அச்சாகப் பொருந்த வேண்டும். எஸ்கேஎஸ்இ மாட்கள் கேமுக்குள் சரியான இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் அட்ரஸ் லைப்ரரியிலும் இந்த இரண்டுக்கும் தனித்தனி ஃபைல். டிஎல்எல் (எஸ்கேஎஸ்இ வழியாக ஓடும் புரோகிராம் ஃபைல்) உள்ள மாட் எதை இறக்கினாலும் எந்த வெர்ஷனுக்கானது என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். ஸ்டீமில் "தொடங்கும்போது மட்டும் அப்டேட் செய்" என்று வைத்துவிட்டு, இனி ஸ்டீமின் ப்ளே பட்டன் பக்கமே போகாமல் எஸ்கேஎஸ்இ லோடர் வழியாகவே கேமைத் திறக்க வேண்டும். ஓடுகிறதா என்று அறிய கேமின் கன்சோலில் (கட்டளை அடிக்கும் பெட்டி) கெட்எஸ்கேஎஸ்இவெர்ஷன் என்று அடித்தால் போதும்.

மாட்களை டேட்டா ஃபோல்டரில் கையால் கொட்டுவதை இன்னும் சிலர் செய்கிறார்கள். ஏன் என்று புரியவில்லை. மாட்களை நிர்வகிக்கும் மாட் ஆர்கனைசர் 2 போடுங்கள். புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே போடுங்கள், அங்கே விண்டோஸின் அனுமதிச் சிக்கல் வரும். இது டேட்டா ஃபோல்டரைத் தொடாமல், கேம் ஓடும்போது மட்டும் மாட்கள் அங்கே இருப்பதுபோல் காட்டும். அதனால்தான் எஸ்எஸ்இ எடிட் (ப்ளகின்களைத் திறந்து பார்க்க), லூட் (ப்ளகின்களை வரிசைப்படுத்த), நெமிசிஸ் (அசைவு மாட்களைச் சேர்க்க) எல்லாவற்றையும் அதற்குள்ளிருந்தே திறக்க வேண்டும். வெளியே இருந்து திறந்தால் அவற்றுக்கு ஒரு மாட்கூடத் தெரியாது. "நெமிசிஸ் ஓட்டியும் கேரக்டர் கையை விரித்துக்கொண்டே நிற்கிறது" என்ற புலம்பலில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

இனி முக்கியமான இடம். மாட் ஆர்கனைசரில் இடப்பக்கம் ஒரு வரிசை, வலப்பக்கம் ஒரு வரிசை. இடப்பக்கம் ஃபைல்களுக்கு: மெஷ் (உருவ வடிவம்), டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்), ஸ்கிரிப்ட். வலப்பக்கம் ப்ளகின்களுக்கு, அதாவது கேமின் தகவல் பதிவுகளை மாற்றும் ஃபைல்களுக்கு: இஎஸ்எம், இஎஸ்பி, இஎஸ்எல். இரண்டிலும் கீழே இருப்பது வெல்லும், ஆனால் ஒன்றை நகர்த்தினால் மற்றது நகராது. லூட் அடுக்குவது வலப்பக்கத்தை மட்டும். லூட் ஓட்டிவிட்டேன், எல்லாம் சரி என்று நினைப்பவர் பாதி வேலையைத்தான் முடித்திருக்கிறார்.

என்பிசி-யின் (கேமே இயக்கும் பாத்திரம்) முகம் கறுத்து, கழுத்து வேறு நிறத்தில் தெரிகிறதே, அது இந்த இரண்டு வரிசையும் முரண்படுவதன் விளைவு. முகம் எப்படி இருக்க வேண்டும் என்ற பதிவு ப்ளகினில் இருக்கிறது. தயாரான முகத்தின் மெஷ் ஃபேஸ்ஜென்டேட்டா ஃபோல்டரில் இருக்கிறது. பதிவு ஒரு மாடிலிருந்தும் மெஷ் இன்னொரு மாடிலிருந்தும் வந்தால் இரண்டும் ஒத்துப்போகாது, முகம் கறுக்கும். எஸ்எஸ்இ எடிட்டில் அந்த என்பிசி-யைத் தேடுங்கள். வலக்கோடியில் உள்ள ப்ளகின்தான் ஜெயித்தது. அதே மாடின் மெஷ் இடப்பக்கத்திலும் ஜெயிக்கும்படி கீழே இறக்குங்கள். இறக்கினால் வேறு ஏதாவது கெடும் என்றால், தோற்க வேண்டிய மாடில் அந்த ஒரு ஃபைலை மட்டும் ஹைட் செய்யலாம்.

இதில் ஒரு பொறி உண்டு. பிஎஸ்ஏ-வுக்குள் (பல ஃபைல்களைக் கட்டிவைக்கும் பொதி) அடைத்த ஃபைலை, வெளியே தனியாகக் கிடக்கும் ஃபைல் எப்போதும் அடித்துவிடும், வரிசை எதுவானாலும். பிஎஸ்ஏ-க்களுக்குள் யார் பெரியவர் என்பதை முடிவு செய்வது வலப்பக்க ப்ளகின் வரிசை. இடப்பக்கத்தில் எவ்வளவு கீழே இழுத்தும் டெக்ஸ்சர் மாறவில்லையே என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மெயின் மெனு வரும் முன்பே விழுந்தால், முதல் சந்தேகம் விடுபட்ட மாஸ்டர், அதாவது ஒரு ப்ளகின் நம்பியிருக்கும் இன்னொரு ப்ளகின். மாட் ஆர்கனைசர் எச்சரிக்கைக் குறி போட்டே காட்டும், பார்ப்பவர்தான் இல்லை. முழு ப்ளகின்களுக்கு உச்சவரம்பு 254. இஎஸ்எல் குறி உள்ள சிறு ப்ளகின்கள் அந்தக் கணக்கில் வராது, 4096 வரை தனி இடம். பழைய இஎஸ்பி-க்கு எஸ்எஸ்இ எடிட்டிலேயே அந்தக் குறியைப் போடலாம். ஆனால் அதற்காக ஃபார்ம் ஐடி-களை (பொருட்களின் அடையாள எண்கள்) சுருக்கும் வேலையை சேவ் நடுவில் செய்தால் அந்த மாடின் பொருட்கள் சேவில் காணாமல் போகும்.

நடு ஆட்டத்தில் மாடை நீக்குவது பற்றி: டெக்ஸ்சரா, தாராளமாக நீக்குங்கள். ஸ்கிரிப்ட் உள்ளதா, வேண்டாம். ஸ்கிரிப்டின் மிச்சம் சேவ் ஃபைலிலேயே தங்கிவிடும். "சேவ் க்ளீன் செய்துவிட்டேன்" என்ற பேச்சை நம்பி நாற்பது மணி நேர ஆட்டத்தை அடகு வைக்காதீர்கள். புது மாடைச் சோதிக்க உங்கள் சேவைத் தொடவே தேவையில்லை. நான்கைந்தாகப் போட்டு, மெயின் மெனுவில் கன்சோலைத் திறந்து சிஓசி ரிவர்வுட் என்று அடித்தால் நேரே ஊருக்குள் இறங்கலாம்.

அப்படியும் விழுந்தால், விழும் காரணத்தைக் குறித்து வைக்கும் கிராஷ் லாகர் மாட் ஒன்றைப் போட்டுவிட்டு மறுபடி விழ விடுங்கள். டாக்குமெண்ட்ஸில் மை கேம்ஸ் ஃபோல்டருக்குள், ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனின் எஸ்கேஎஸ்இ ஃபோல்டரில் லாக் கிடைக்கும். உதவி கேட்கும்போது "கிராஷ் ஆகுது ப்ரோ" என்பதோடு நிறுத்தாமல் அந்த லாக், கேம் வெர்ஷன், இரண்டு பக்க வரிசையின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள்.