வயர்மேனும் உழவரும் ஒரே அணி

மின் வாரியத்தைத் தனியாருக்கு விடக் கூடாது என்று தொழிற்சங்கங்கள் நடத்தும் இயக்கத்தை, அதைப் பற்றி நான் படித்த கட்டுரை ஒன்று வெறும் சம்பளப் பிரச்சினையாகச் சுருக்கியிருப்பது வருத்தமளிக்கிறது. மின் கட்டண உயர்வுக்கு எதிராக 1970-இல் திருப்பூர் அருகே பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைப் பறிகொடுத்து, 1972-இல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளால் கோவைச் சாலைகளை அடைத்த உழவர்களின் மண் இது.

ஆடிக் காற்றில் தென்னை மட்டை விழுந்து எங்கள் தோட்டத்துக் கம்பி அறுந்த இரவில், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வயர்மேன் கம்பம் ஏறினார். விடிவதற்குள் கிணற்று மோட்டார் ஓடியது. தோட்டத்தில் இருக்கும் ஒற்றைச் சாளை வீட்டுக்காக, லாபம் பார்க்கும் நிறுவனம் அப்படி ஆளனுப்பும் என்று நான் நம்பவில்லை. சங்கத்தினர் அலுவலக வாசலில் நடத்தும் வாயிற்கூட்டத்தோடு நின்றுவிடாமல், உழவர்களையும் பல்லடம், சோமனூர் விசைத்தறியாளர்களையும் ஒரே மேடைக்கு அழைக்க வேண்டும்.