வெரி குட் கய், ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்

திங்கக்கிழமை காலைல, ஸ்டாண்டப் (டீமோட தினசரி குட்டி மீட்டிங்) ஆரம்பிக்க ரெண்டு நிமிஷம் இருக்கும்போதுதான், 'உங்க கம்பெனியில ஒருத்தரை வேலைக்கு ரெஃபர் பண்ணுங்க'ங்கற அர்த்தத்துல இந்த மெசேஜ் வரும். உங்களுக்கும் வந்திருக்கும், வராம இருக்காது.

"ஹாய் ப்ரோ. சிவி அட்டாச்டு. மை கொலீக். வெரி குட் கய். ஹார்ட் ஒர்க்கிங், டீம் ப்ளேயர். ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்."

மொத்தம் 17 வார்த்தை. வருஷக்கணக்கா பக்கத்து சீட்ல உக்காந்து வேலை பார்த்த ஆளைப் பத்திச் சொல்ல இவ்வளவுதான் கிடைச்சிருக்கு.

சரி, ஃபைலைத் திறப்போம். பேரு 'ரெஸ்யூம்_ஃபைனல்_நியூ_2'. யாரோட ரெஸ்யூம்னு பேர்ல கிடையாது. திறந்தா ஒரு பொண்ணோட ரெஸ்யூம். வெரி குட் கய்யாம்! போன மாசம் எவனுக்கோ அனுப்புன மெசேஜை அப்படியே தூக்கி இவங்களுக்கும் ஒட்டியிருக்காரு மகராசன்.

அதைக்கூட விட்டுரலாம். ரெஸ்யூமைப் படிச்சா ஆளு தங்கம்யா. ஏழு வருஷம் ஜாவா, பேமென்ட் சைடு, ப்ரொடக்‌ஷன்ல நின்னு அடிவாங்குன அனுபவம். இந்த மாதிரி ஒரு ஆளு சிக்க மாட்டாங்களான்னு டீம் டீமா தவம் கிடக்கறாங்க. வயித்தெரிச்சலே அங்கதான்.

அந்த 'நீட்ஃபுல்' என்னன்னு ஒரு தடவை பார்த்துருவோமா? ரெஃபரல் போர்ட்டலைத் திறந்தா முதல் கட்டமே ஜாப் ஐடி. கேட்டா "எனி சூட்டபிள் ரோல் ப்ரோ". ஐடி இல்லாம போட்டா அது பொதுக் கிடங்குல போய் விழும். பாழுங்கிணறு. எந்த ரெக்ரூட்டரும் அதுல வாளி விடமாட்டாங்க. கெரியர் பக்கத்துல தேடிப் பொருத்தமான ஒரு வேலை, மிஞ்சிப்போனா ரெண்டு, அதோட நம்பரை எடுத்துத்தர பத்து நிமிஷம் ஆகுமா? அது யாரோட வேலை? சிவி அனுப்பிப் பரிந்துரை பண்றவரோட வேலை சார்.

அடுத்த கட்டம் நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா குடுத்த பிறகும் வேலை பார்க்கவேண்டிய நாள். கேட்டா "ஐ வில் செக் அண்ட் லெட் யூ நோ". புதன்கிழமை பதில் வருது: "90 டேஸ், நெகோஷியபிள்." நெகோஷியபிள்னா என்னய்யா? பை-அவுட் (மிச்ச நாளுக்குக் காசு கட்டிட்டுக் கிளம்பறது) உண்டா? மேனேஜர் விடுவாரா? இன்னும் தோண்டுனா வெள்ளிக்கிழமை மெல்ல வெளிய வருது, அவங்க ஏற்கெனவே ராஜினாமா பேப்பர் போட்டுட்டாங்களாம், இன்னும் 20 நாள்தான் பாக்கியாம். அடப்பாவி! அதுதானே துருப்புச் சீட்டு! ரெக்ரூட்டர் முதல்ல தட்டற ஃபில்டரே 'உடனே சேரக்கூடியவர்'தான். கடைசி வேலை நாள் இந்தத் தேதின்னு தலைப்புலயே போடவேண்டியதை, நகைக்கடை லாக்கர் மாதிரி அஞ்சு நாள் பூட்டி வச்சிருக்காரு.

இப்போதைய சிடிசி (வருஷத்து மொத்தச் சம்பளக் கணக்கு) எவ்வளவு, அதுல ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு, எதிர்பார்ப்பு என்ன, சென்னையா கோயமுத்தூரா, மொத்த அனுபவம் போக இந்த வேலைக்குப் பொருந்தற அனுபவம் எத்தனை வருஷம், சொந்த மெயில் ஐடி (ஆபீஸ் மெயில் இல்ல, அதையும் ஒருத்தர் குடுத்தாரு, கும்பிடுறேன்). எல்லாத்தையும் ஒவ்வொண்ணாப் பிடுங்கி, நிரப்பி, சப்மிட் அடிச்சா சிவப்பு எழுத்துல வருது: இந்த விண்ணப்பதாரர் ஏற்கெனவே இருக்கிறார்.

ஏன்னா இவரு 'செக் பண்ணி சொல்றேன்'னு உக்காந்திருந்த அஞ்சு நாள்ல, பாவம் அந்தப் பொண்ணு பொறுத்துப் பார்த்துட்டு நேரா வெப்சைட்லயே போட்டுருச்சு. முடிஞ்சது கதை. நேரா போட்டாலோ, ஏதோ ஒரு கன்சல்டன்சி ஏத்திவிட்டாலோ, பல கம்பெனியில ஆறு மாசத்துக்கு அந்தப் ப்ரொஃபைல் முதல்ல ஏத்தினவங்க கணக்குதான், ரெஃபரல் முத்திரை விழாது. அங்கெல்லாம் வரிசை இதுதான்: முதல்ல உள்ள இருக்கற ஆள் ரெஃபர் பண்ணணும், அவங்களுக்கு மெயில்ல லிங்க் வரும், அந்த லிங்க்ல போய்த்தான் அப்ளை பண்ணணும். இதை மாத்திச் செஞ்சுட்டு "உங்க கம்பெனி ரெஸ்பான்ஸே இல்ல ப்ரோ"ன்னு வேற ஒரு குத்தல்.

ரெஸ்யூமே இடது, வலதுன்னு ரெண்டு பத்தியா பிரிச்ச டிசைன், ஓரத்துல போட்டோ, ஜாவாவுக்கு நாலரை ஸ்டார். மனுசனுக்கு அழகு. ஆனா விண்ணப்பத்தைப் படிக்கற சாஃப்ட்வேர் பல சமயம் அதைக் குறுக்கால படிக்கும், இடது பக்கத்துல இருக்கற போன் நம்பர் வலது பக்கத்து ப்ராஜெக்ட்டுக்குள்ள போய் உக்காந்துக்கும். பிடிஎஃப்ல இருக்கறதை மொத்தமா காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டிப் பாருங்க. வரிசையா வந்தா பெரும்பாலும் தப்பிச்சுரும், கலைஞ்சு வந்தா மெஷினும் அப்படித்தான் படிக்கும். ஒண்ணுமே ஒட்டலைன்னா அது ரெஸ்யூம் இல்ல, போட்டோ.

'ஹார்ட் ஒர்க்கிங்'னு எழுதினா மேனேஜருக்கு என்ன புரியும்? எல்லா மாடும் உழைக்கத்தான் செய்யுது. இப்படி எழுதலாம்ல: "ராத்திரி ஓடற செட்டில்மென்ட் பேட்ச் நாலு மணி நேரம் இழுத்துக்கிட்டு இருந்தது. இன்டெக்ஸ் இல்லாத ஒரு டேபிளைக் கண்டுபிடிச்சு 35 நிமிஷத்துக்குக் கொண்டுவந்தாங்க. செஞ்சதை எழுதியும் வச்சாங்க, இப்ப ஜூனியர் பசங்க ரெண்டு பேர் தனியாவே ஆன்-கால் பார்க்கறாங்க. ஃப்ரன்ட்-எண்டு அவ்வளவா தொட்டதில்லை. நான் ரெண்டு வருஷம் ஒரே டீம்ல பார்த்தது." அஞ்சு வரி. அந்தக் குறையையும் சொல்றீங்க பாருங்க, அதுக்கப்புறம்தான் மத்த நாலு வரியை நம்புவாங்க.

நம்மாளுங்களுக்கு இது புதுசா என்ன? பத்துப்பாட்டுல பாதி ஆற்றுப்படைதானே, அதாவது வள்ளல்கிட்ட வழிகாட்டி அனுப்பற பாட்டு. சிறுபாணாற்றுப்படையில, பரிசு வாங்கிட்டு வர்ற பாணன், எதிர்ல பசியோட வர்ற பாணனுக்கு எந்த வழியா போகணும், எயிற்பட்டினத்துல சுட்ட குழல்மீன், ஆமூர்ல நண்டுக்கறியோட வெண்சோறு, போய்ச் சேர்ற இடத்துல வள்ளல் நல்லியக்கோடன் எப்படிப்பட்டவன்னு ஒண்ணு விடாம சொல்லி அனுப்பினான். மதிய சாப்பாடு வரைக்கும் ரெஃபரல்ல இருந்தது. இவரால ஒரு ஜாப் ஐடி தர முடியல.

இன்னொரு கூட்டம் இருக்கு, லிங்க்ட்இன்ல 'மை கொலீக் இஸ் லுக்கிங்'னு ஊருக்கே தண்டோரா போடறவங்க. அந்தக் கொலீக்கோட மேனேஜரும் அங்கதான்யா இருக்காரு! கேட்டுட்டுப் போடுங்க. லிங்க்ட்இன்லயே பரிந்துரை எழுத 3,000 எழுத்து இடம் குடுத்திருக்கான், அந்தக் கொலீக் சம்மதிச்சாத்தான் ப்ரொஃபைல்ல தெரியும். ஆனா ஒரே வாரத்துல அஞ்சு பேர் எழுதினா, ஆளு கிளம்பறாங்கன்னு ஹெச்ஆருக்குக் கடுதாசி போட்ட மாதிரி. வருஷம் பூரா அப்பப்ப எழுதி வச்சா குறைஞ்சா போயிருவீங்க?

இதுல "போனஸ் உங்களுக்குத்தானே ப்ரோ"ன்னு ஒரு சிரிப்பு பொம்மை. ரெஃபர் பண்ணவங்களுக்குக் கம்பெனி தர்ற போனஸ் 50,000னு வச்சுக்குங்க. 30 சதவீத வருமானவரி ஸ்லாப்ல, செஸ்ஸோட (வரி மேல போடற கூடுதல் வரி) சேர்த்து 15,600 வரிக்கு, கைக்கு 34,400. அதுவும் சேர்ந்தவங்க மூணு மாசமோ ஆறு மாசமோ தாக்குப்பிடிச்ச பிறகுதான். அதுக்குள்ள நாம இருப்போமான்னு யாருக்குத் தெரியும்.

இத்தனைக்கும் இந்த மகராசனுக்கு எழுத வராதுன்னு நினைக்காதீங்க. ஞாயித்துக்கிழமை பிரியாணிக்கு அவரு போட்ட ரிவ்யூவைப் பாக்கணும். லெக் பீஸ் ஒண்ணுதான், அதுவும் சின்னது, அரிசி அடியில குழைஞ்சிருக்கு, கத்திரிக்காய் தொக்குல உப்பு தூக்கல், தயிர் வெங்காயத்துல வெங்காயத்தைக் காணோம், ஆதாரத்துக்கு மூணு போட்டோ. கோழிக்குக் கிடைச்ச பரிந்துரைகூட கொலீக்குக்குக் கிடைக்கலை.

ஆனா ஒண்ணு, அந்த ரிவ்யூல அவரு சொன்ன கடைசி வரியை மட்டும் நானும் வழிமொழியறேன். பிரியாணிக்குள்ள எப்பவும் ஒரு அவிச்ச முட்டை இருக்குமே, அது எங்கய்யா போச்சு? கேட்டா தனியா 15 ரூபாயாம்.