உரிமத்தை ரத்து செய்வது சங்கத்தின் வேலை இல்லை
மேலே ஒருவர் எழுதியிருக்கிறார்: "மருத்துவத் துறைச் சங்கங்களின் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் மருந்து நிறுவனங்களிடம் சம்பளம் வாங்குபவர்கள், பிடிக்காத டாக்டரின் உரிமத்தையே பறித்துவிடுவார்கள்."

இரண்டாவது பாதி முழுத் தவறு. உரிமம் கொடுப்பதும் பறிப்பதும் சட்டப்படி அமைந்த மருத்துவக் கவுன்சிலின் அதிகாரம். சங்கம் என்பது உறுப்பினர்கள் சந்தா கட்டி நடத்தும் அமைப்பு. அதிகபட்சம் உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கலாம், அவ்வளவுதான். அமெரிக்காவில் ஒரு மருத்துவப் பிரிவில் நிபுணர் என்று சான்றிதழ் கொடுப்பதுகூட வேறு அமைப்புதான். அந்த அமைப்பின் பெயரில் 'போர்டு' என்று வருவதால் பலர் அதைச் சங்கத்தின் நிர்வாகக் குழுவோடு குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். அமெரிக்காவின் செல்வாக்குள்ள 10 சங்கங்களின் தலைமையில் இருந்தவர்களை ஆராய்ந்து 2020இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கட்டுரைப்படி, 72 சதவீதம் பேருக்கு நிறுவனங்களோடு பணத்தொடர்பு இருந்தது. ஆனால் அந்தக் கணக்கில் ஆராய்ச்சி நிதியும் சேர்த்தி, ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவும் சேர்த்தி. அதைச் சம்பளம் என்று எழுதுவது நியாயமில்லை. 'எல்லாரும்' என்பதும் சரியில்லை.

இதற்குக் கட்டுப்பாடே இல்லை என்றும் சொல்ல முடியாது. பல சங்கங்கள் ஏற்றுக்கொண்ட ஒரு நெறிமுறை அமெரிக்காவில் 2010 முதல் இருக்கிறது: தலைவர், தலைமை நிர்வாகி, இதழின் தலைமை ஆசிரியர் ஆகியோர் பதவிக்காலத்தில் நிறுவனங்களிடம் நேரடியாகப் பணம் பெறக் கூடாது. மற்ற குழு உறுப்பினர்களுக்கு இந்தத் தடை இல்லை. கேள்வி கேட்பதென்றால் அந்த ஓட்டையைப் பற்றிக் கேளுங்கள்.