சுபயோக சுபதினம்

(பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். திண்ணையில் கன்னத்தைப் பிடித்தபடி கோவிந்தராசு. சைக்கிளை நிறுத்திவிட்டு வருகிறார் மச்சான் வைத்திலிங்கம். பல்செட் விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்.)

வைத்திலிங்கம்: என்ன மாப்பிள்ளை, பல் கட்டிவிட்டாயாமே! வாயைத் திற பார்ப்போம். அடேயப்பா, இருபது வயதில்கூட உனக்கு இப்படி வரிசையாக இருந்ததில்லை.

கோவிந்தராசு: வாங்க மஷ்ஷான். ஷிரிக்க வைக்காதீங்க, கீழ்ஷெட்டு மடியில் விழும்.

வைத்திலிங்கம்: விழத்தான் செய்யும். மேல்செட்டு அண்ணத்தைக் கவ்விக்கொள்ளும். கீழ்செட்டுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. நாக்கு வேறு நடுவில் நின்று தள்ளும். அது சரி, ஏன் துண்டால் துடைத்துக்கொண்டே இருக்கிறாய்?

கோவிந்தராசு: எச்ஷில் மஷ்ஷான். மேட்டூரையாவது ஜூன் 12ஆம் தேதிதான் திறப்பார்கள். என் வாயில் தினமும் திறப்புதான்.

வைத்திலிங்கம்: உள்ளே ஏதோ சாப்பாடு வந்திருக்கிறது என்று வாய் நினைத்துக்கொள்கிறது. கொஞ்ச நாளில் அடங்கிவிடும். துப்பாதே, விழுங்கு.

கோவிந்தராசு: காப்பியும் ஷரியில்லை. ஆறிப்போனதைக் கொடுக்கிறாள் உங்க தங்கச்ஷி. ஷண்டை போட்டேன். மறுபடி ஷூடு பண்ணினாள், அதுவும் ஆறித்தான் இருந்தது. மூணாவது தடவை ஒரே மடக்கு. தொண்டை வெந்துபோச்ஷு!

வைத்திலிங்கம்: அட பாவி! அண்ணத்தைத்தான் பிளாஸ்டிக் மூடியிருக்கிறதே, சூடு எப்படித் தெரியும்? உதட்டில் வைத்துப் பார்த்துக் குடி. என் தங்கச்சியை ஏன் திட்டுகிறாய்? கன்னத்தில் என்ன?

கோவிந்தராசு: ஈறு புண். உப்புத்தாள் வாங்கி வைத்திருக்கிறேன், ராத்திரி தேய்க்கணும்.

வைத்திலிங்கம்: எதை?

கோவிந்தராசு: பல்ஷெட்டைத்தான்.

வைத்திலிங்கம்: அது என்ன நிலைக்கதவா, இழைப்பதற்கு? டாக்டரிடம் போ. வலிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டுப் போகாதே. அவரிடம் போவதற்கு முந்தின நாளே போட்டுக்கொண்டிருந்தால்தான் எந்த இடம் சிவந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவரே சீவித் தருவார். ராத்திரியில் கழற்றித் தண்ணீரில் போட்டு வை. வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும்.

கோவிந்தராசு: அதெல்லாம் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை நிச்ஷயதார்த்தம். லக்னப் பத்திரிகையை நான்தான் படிக்கணுமாம். நேற்று படித்துப் பார்த்தேன். "ஷுபயோக ஷுபதினத்தில்" என்றதும் விஸில் வருகிறது. எதிர்வீட்டு நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கிறது!

வைத்திலிங்கம்: நாய்க்காவது புரிகிறதே. எனக்கும் அப்படித்தான் இருந்தது. தினமும் காலையில் பேப்பரை உரக்கப் படித்தேன். கண்ணாடி முன்னால் நின்று நிதானமாகப் படி. நாக்குக்கு இடம் பழகணும், அவ்வளவுதான். ஒன்று செய், எச்சிலை விழுங்கிவிட்டு வாயை மூடு. அப்புறம் பேசு. இரு, சைக்கிளில் பத்திரிகைக் கட்டு இருக்கிறது, எடுத்து வருகிறேன். அதைப் பார்த்துப் படி.

(வைத்திலிங்கம் கட்டை எடுத்து வருகிறார். கோவிந்தராசு ஒரு பத்திரிகையை வாங்கித் தொண்டையைச் செருமுகிறார்.)

கோவிந்தராசு: "சுபயோக சுபதினத்தில், சிரஞ்சீவி... சௌபாக்கியவதி..."

வைத்திலிங்கம்: பலே! கணீரென்று வருகிறதே! நான் சொன்ன யோசனை அதற்குள் பலித்துவிட்டதா?

கோவிந்தராசு: நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வைத்திலிங்கம்: நாசமாய்ப் போச்சு. பந்தியிலாவது போட்டுக்கொள்வாயா?

கோவிந்தராசு: அங்கேயா? முந்தாநாள் முறுக்கைக் கடித்தேன், மேல்செட்டு முறுக்கோடு போய்விட்டது.

வைத்திலிங்கம்: வந்த வேகத்திலேயே முறுக்கா? குழைந்த சாதத்தில் ஆரம்பிக்கணும். முன்பல்லால் கடிக்காதே. சின்னதாகப் பிட்டு, இரண்டு பக்கமும் சேர்த்து மெல்லு. ஒரே பக்கம் மென்றால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும்.

கோவிந்தராசு: அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை? படிக்கும்போது பையில். பந்தியில் பையில்.

வைத்திலிங்கம்: பிறகு எதற்கு இவ்வளவு செலவு பண்ணினாய்?

கோவிந்தராசு: போட்டோவுக்கு! (குரலைத் தாழ்த்தி) மச்சான், ஒரு உதவி. வெற்றிலை சீவல் போட்டால் துணுக்கெல்லாம் செட்டுக்கு அடியில் போய்க் குத்துகிறது. எங்கள் அம்மாவின் இடிக்கிற உரலைத் திருப்பிக் கொடுங்கள்.

வைத்திலிங்கம்: "பல் வரப்போகிறது, இனி இது எதற்கு" என்று நீதானே கொண்டுவந்து கொடுத்தாய்?

கோவிந்தராசு: புத்தி கெட்டுப்போய்க் கொடுத்துவிட்டேன்.

வைத்திலிங்கம்: வாயில் இரண்டு செட்டுப் பல்லோடு இருக்கிறவன், மறுபேச்சுப் பேசாமல் உரலை வாங்கிக்கொள்கிறானே, ஏன் என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டாமா?