கார்புரேட்டர் தின்ற ஞாயிற்றுக்கிழமை

ஊருக்குப் போய் 2 மாதம் கழித்து சிங்கப்பூர் யீஷூனுக்குத் திரும்பினால், என் பழைய பைக் உதைக்க உதைக்க இருமுகிறது. சோக் (குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் விசை) போட்டால் ஓடும், எடுத்தால் செத்துவிடும். வேறென்ன, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் பைலட் ஜெட் (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் குட்டிக் குழாய்) அடைப்புதான். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் காய்ந்த பெட்ரோல், வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுப்பு. ஜெட்டில் இருப்பதோ அரை மில்லிமீட்டர்கூட இல்லாத துளை. கம்பியை விட்டால் பெரிதாகி, அப்புறம் பெட்ரோலாகக் குடிக்கும். (மைத்துனர் ஊக்கோடு வந்தார், பிடுங்கி வைத்தேன்.) ஸ்பிரே அடித்து, ஊதி, மாட்டினேன். சரி, அடுத்து காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூ. முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, எஞ்சின் சூடானதும் கால் கால் சுற்றாகத் திருப்பணும். அடுக்குமாடி புளோக் கீழே வியர்வை ஊற்ற, இரண்டாம் மாடி ஆன்ட்டி முறைக்க, ஒருவழியாகச் சீராக ஓடியது. குனிந்து பார்த்தால் பெட்ரோல் சொட்டுகிறது. கிண்ணத்து ரப்பர் வளையம் என் சட்டைப்பையில்!